சிறுவயதில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உறவினர் வீட்டுத் திருமண விருந்தில் என் அருகே அமர்ந்திருந்த பெரியம்மா ஒருவர், என் மகளின் நலத்தை விசாரித்துவிட்டு, “அவளுக்குத்தான் ரெண்டு வயசுலேயே ஓட்டைய அடைச்சாச்சே, அப்புறம் எதுக்கு முப்பத்து மூணு வயசுல மறுபடியும் நெஞ்சைத் திறந்தாங்க? மொதல்ல செஞ்சவங்க சரியாச் செய்யலையா?” என்று கேட்டார். கேள்வியில் வம்பு ஏதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் நம் சமூகத்தில் இன்னும் பல வீடுகளில் அதே எண்ணம் இருப்பதைப் பார்க்கிறேன். ஆகவே அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாகத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

என் மகள் 1990ஆம் ஆண்டு பிறந்தாள். பிறந்த சில வாரங்களிலேயே, அழும்போதெல்லாம் அவளுடைய உதடும் நகக்கண்களும் நீலம் பாரிக்கத் தொடங்கின. ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்று மருத்துவர்கள் பெயர் சொன்னார்கள். பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபாலோ 1888இல் விரிவாக எழுதிய இந்தப் பிறவிக் குறைபாட்டில் நான்கு கோளாறுகள் சேர்ந்தே இருக்கும்: இரு கீழறைகளுக்கும் இடைப்பட்ட சுவரில் ஓர் ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் சுருக்கம், அந்த ஓட்டையின் மேலே நகர்ந்து அமர்ந்துவிட்ட பெருந்தமனி, சுருங்கிய வழியாக இரத்தத்தைத் தள்ளித் தள்ளியே தடித்துப்போன வலது கீழறை. இவற்றுள் நாம் நினைவில் வைத்திருப்பது முதலாவதை மட்டுமே. ‘ஓட்டை’ என்பது எளிய சொல், வாயில் நின்றுவிட்டது. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து தொல்லை தருவது பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

நான் வீட்டில் துணி தைத்துப் பிழைத்தவள். எனக்குப் புரிந்த வகையில் இதை விளக்குகிறேன். சுருங்கிய வழியை அகலப்படுத்துவதற்காக, பல குழந்தைகளுக்கு நுரையீரல் வால்வு (அந்த வழியின் வாயிலில், போன இரத்தம் திரும்பாமல் மூடும் இதழ்க் கதவு) அமைந்திருக்கும் வளையத்தையே குறுக்கே வெட்டித் திறந்து, இடையில் ஓர் ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்துவிடுகிறார்கள். இறுகிப்போன ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே துணி கொடுத்துத் தைப்பதைப் போன்ற வேலை அது. வழி அகலமாகிறது, இரத்தம் தாராளமாகப் போகிறது, குழந்தையின் நீல நிறம் மறைகிறது. ஆனால் வளையம் அகன்றுவிட்டபின் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு மூட முடிவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலை நோக்கிப் போன இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வலது கீழறைக்குள்ளேயே வழிகிறது. குழந்தையின் உயிரைக் காக்க அன்று அதைவிட நல்ல வழி இல்லை. 1992இல் என் மகளுக்கு அறுவை செய்தவர்கள் மீது எனக்கு எள்ளளவும் குறை கிடையாது. அவர்கள் இல்லையென்றால் இன்று கடிதம் எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

இந்தக் கசிவின் பொல்லாத குணம், அது நெடுங்காலம் வாய் திறக்காமல் இருப்பதுதான். வலது கீழறை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, திரும்பி வரும் இரத்தத்துக்கும் இடம் கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போகிறது, விளையாடுகிறது, தேர்வு எழுதுகிறது, வேலைக்கும் போகிறது. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதாகவோ திடீரென்று நெஞ்சு படபடப்பதாகவோ அது வெளியே தெரியலாம். அதற்குள் அறை மிகவும் விரிந்து தளர்ந்திருந்தால், பின்னர் புது வால்வு வைத்தாலும் அது பழைய அளவுக்குச் சுருங்காமல் போகக்கூடும். ஆபத்தான துடிப்புக் கோளாறுகளும் தோன்றலாம். ஆகவே மருத்துவர்கள் நோயாளியின் முறையீட்டுக்காகக் காத்திராமல், எம்ஆர்ஐ படம் எடுத்து அறையின் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வலது கீழறை விரிந்த நிலையில் 160 மில்லிலிட்டரையோ, சுருங்கிய நிலையில் 80 மில்லிலிட்டரையோ எட்டிவிட்டால், தொந்தரவே இல்லாதவர்களுக்கும் வால்வு மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. பெரியம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்: முதல் அறுவையில் யாரும் பிழை செய்யவில்லை, இரண்டாவது அறுவை, முதலாவது நடந்த அன்றே எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. அதற்குரிய காலம் எப்போது கனிகிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவே.

நாங்கள் பார்க்கவில்லை. 2007இல் மகளுக்குப் பதினேழு வயதானபோது, குழந்தைகள் பிரிவில் இனித் தொடர முடியாது, பெரியவர்களுக்கான இதயப் பிரிவுக்கு மாற வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை வாங்கிப் பத்திரமாக வைத்தேன், போகவில்லை. அதற்குப் படிப்பு, தேர்வு என்று வெளியே சொல்லக் காரணங்கள் இருந்தன. உள்ளே இருந்த காரணத்தை இத்தனை ஆண்டுகள் யாரிடமும் சொன்னதில்லை. பெண்ணுக்கு வயது வருகிறது, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், இதய மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் யாராவது எங்களைப் பார்த்துவிட்டால் செய்தி தேக்காவைச் சுற்றி வந்துவிடும் என்ற பயம்தான் அது. நெஞ்சின் நடுவே இருந்த தழும்பு தெரியாதபடி அவளுடைய ரவிக்கைகளுக்கெல்லாம் கழுத்தை ஏற்றித் தைத்தவள் நான். அவள் பதினான்கு ஆண்டுகள் எந்த இதய மருத்துவரையும் பார்க்கவில்லை. இதில் நான் பிறகு அறிந்துகொண்ட வேடிக்கை ஒன்று உண்டு: 2018இல் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மகள் தன் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மாப்பிள்ளையிடம் முழுவதும் சொல்லிவிட்டாள், அவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, திருமணத் தேதியைப் பற்றிப் பேசத் தொடங்கினாராம். நான் மட்டும் மூன்று ஆண்டுகள் மறைத்துக்கொண்டே திரிந்தேன்.

2021இல் அவள் கருவுற்று முதல் முறை மகப்பேற்று மருத்துவரிடம் சென்றபோது, அவர் தழும்பைக் கண்டு, “இதய மருத்துவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். அன்றே பரிந்துரை போனது. எக்கோ எனும் ஒலியலைப் பரிசோதனையில் கடுமையான கசிவும் பெரிதாகிவிட்ட வலது கீழறையும் தெரிந்தன. கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு வெகுவாகக் கூடுவதால், ஏற்கெனவே விரிந்த அறைக்கு அது மேலும் சுமை. இதய மருத்துவரும் மகப்பேற்று மருத்துவரும் சேர்ந்து கவனித்ததால் பேறு நல்லபடியாக முடிந்தது. பெற்றோரில் ஒருவருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புப் பொதுவாக 100க்கு 3 முதல் 5 வரை இருக்கலாம் என்று விளக்கினார்கள்; மற்றக் குழந்தைகளுக்கு அது 1000க்கு ஏறத்தாழ 8. அதனால் ஐந்தாம் மாதத்தில், வயிற்றில் இருந்த சிசுவின் இதயத்தையும் தனியாக எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். பேரனுக்கு ஒரு குறையும் இல்லை. திருமணத்தின்போதே காட்டியிருந்தால், வால்வை மாற்றுவது கருவுறுவதற்கு முன்பா பின்பா என்று அமைதியாக முடிவு செய்திருக்கலாமே என்று அந்த மருத்துவர் கடிந்துகொள்ளாமல் சொன்னதுதான் என்னை அதிகம் சுட்டது.

2023இல் வால்வு மாற்றப்பட்டது. இந்த வேலையைத் தொடையிலுள்ள இரத்தக்குழாயின் வழியே, நெஞ்சைத் திறக்காமலும் செய்ய முடியும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இம்முறையில் முதன்முதலாக நுரையீரல் வால்வு பொருத்தப்பட்டதை, பாரிஸில் பணியாற்றிய மருத்துவர் பிலிப் போன்ஹோஃபர் 2000ஆம் ஆண்டில் அறிவித்தார். ஆனால் என் மகளுக்கு ஒட்டுப்போட்ட இடம் மிகவும் அகன்றுபோயிருந்ததால், அங்கே அத்தகைய வால்வு பிடித்து நிற்காது என்று கருதி, மீண்டும் அறுவைதான் என்றார்கள். இரண்டாவது முறை நெஞ்செலும்பைத் திறப்பது முதல் முறையைவிடக் கடினம். பழைய புண் ஆறிய இடத்தில் இதயம் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

எந்த வால்வு என்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உலோகமும் கார்பனும் கொண்டு செய்த எந்திர வால்வு நெடுநாள் உழைக்கும்; ஆனால் அதில் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும். பிள்ளை பெறவிருக்கும் பெண்ணுக்கு அது பெரிய இக்கட்டு, ஏனென்றால் அந்த மாத்திரை, குறிப்பாகக் கருவின் தொடக்க வாரங்களில், சிசுவுக்குக் கேடு செய்யக்கூடியது. விலங்குத் திசுவால் செய்த வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் நெடுங்காலம் தேவைப்படாது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது தேய்ந்துவிடலாம், இளையவர்களுக்கு இன்னும் விரைவாகவே தேயலாம். நுரையீரல் வால்வு இருக்கும் இடத்தில் இரத்த அழுத்தம் குறைவு, எந்திர வால்வில் இரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே பெரும்பாலும் திசு வால்வையே வைக்கிறார்கள். என் மகளுக்கும் அதுவே. சற்றுப் பெரிய அளவில் வைத்திருக்கிறார்கள். அது தேயும் காலத்தில் அதனுள்ளேயே மற்றொன்றைத் தொடை வழியாக நுழைத்துவிடலாம் என்பது கணக்கு.

திசு வால்வு என்றால் மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையால் செய்தது, அல்லது பன்றியின் வால்வு. இதை நம் வீடுகளில் வெளிப்படையாகப் பேச வேண்டும். அறுவை முடிந்த பிறகு தெரிந்து மனம் வருந்துவது நல்லதன்று. நாள் கிழமை தவறாமல் விரதம் இருக்கும் என் மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பால் குடுத்து வளத்ததும் அதுதானே, இதையும் குடுக்கட்டும்” என்றார். எங்கள் தளத்தில் வசிக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தினரோ, தங்கள் தந்தைக்கு எந்த விலங்கின் திசு என்று முன்கூட்டியே கேட்டு, பள்ளிவாசல் இமாமிடமும் கலந்து பேசி, மாட்டுத் திசு வால்வைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கேட்பதற்கு மருத்துவர்கள் முகம் சுளிப்பதில்லை.

மூன்றாவதாக, இறந்த மனிதர் கொடையாகத் தந்த வால்வும் உண்டு. நுரையீரல் வழியைச் சீரமைக்க, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, அது அருமையாகப் பயன்படுகிறது. அவற்றைப் பதப்படுத்திச் சேமிக்கும் வங்கி 2008 முதல் தேசிய இதய நிலையத்தில் இயங்கி வருகிறது. இங்கே வாசகர்கள் பலர் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, மறுப்புத் தெரிவிக்காதவர்களின் சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றை இறப்புக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பாலும் அறிவோம். இதய வால்வும் தோலும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைக் கொடுக்க விரும்புவோர், மருத்துவ சிகிச்சை, கல்வி, ஆய்வு தொடர்பான 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தாமாகவே உறுதிமொழிப் படிவம் நிரப்பித் தர வேண்டும். பதினெட்டு வயதானவர்கள் தரலாம். நானும் என் கணவரும் சென்ற ஆண்டு நிரப்பிக் கொடுத்தோம்.

எந்திர வால்வு வைத்துக்கொண்டவர்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் பிறவிக் குறைபாட்டோடு பிறந்தவர்களில் பெருந்தமனி வால்வையோ இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட வால்வையோ மாற்றிக்கொண்ட இளையவர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் அறுவை செய்துகொண்டு இங்கே வேலைக்கு வந்த ஊழியர்கள் சிலருடைய நெஞ்சில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் துடித்துக்கொண்டிருக்கலாம். வார்ஃபரின் சாப்பிடுவோர் முருங்கைக்கீரை, பசலை, கைலான் முதலியவற்றை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும் கீரை, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்றால் இரத்தப் பரிசோதனை எண் தாறுமாறாகும். ஊரிலிருந்து வரும் லேகியம், பூண்டு மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்ற நோயாளிகளுக்கு ஒத்துவரும் புதுவகை இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் எந்திர வால்வுக்கு உதவாது என்பதும் ஆய்வில் தெளிவாகிவிட்டது. “அந்த மாத்திரைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாமாம்” என்று நண்பர் சொல்லக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

எந்த வகைச் செயற்கை வால்வாக இருந்தாலும் கிருமித் தொற்று பேராபத்து. பல் பிடுங்குவதற்கோ ஈறைக் கீறுவதற்கோ முன்பு கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட வேண்டும் என்பதைப் பல் மருத்துவரிடம் நாமே நினைவூட்ட வேண்டும். உடலில் துளையிடுவதையும் பச்சை குத்துவதையும் இத்தகையவர்கள் தவிர்க்கும்படி வழிகாட்டிகள் கூறுகின்றன. இதைப் படித்தபோது எனக்குத் தைப்பூசம்தான் நினைவுக்கு வந்தது. ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு வரை அலகு குத்திக் காவடி தூக்குவதாகப் பிள்ளைக்காக நேர்ந்துகொண்ட பெற்றோர் உண்டு. பிள்ளை குணமான பிறகு தானே தூக்க விரும்பும் இளைஞரும் உண்டு. வால்வு மாற்றியவர் பால்குடம் எடுக்கட்டும். முருகன் குறை சொல்ல மாட்டான்.

ஃபாலோ குறைபாட்டை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைவிட மிகப் பரவலாகக் காணப்படுவது, மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு பிறவியிலேயே இரண்டு இதழ்களோடு அமைவது. 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு வாழ்நாளின் பாதிவரை தெரிவதே இல்லை. தேசிய சேவைக்கான உடற்பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. அத்தகைய வால்வு மற்றவர்களுக்கு எழுபது எண்பதில் வரும் சுண்ணாம்புப் படிவை ஐம்பதிலேயே காட்டிவிடும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது.

செலவைப் பற்றிய பயமும் சிலரைத் தடுக்கிறது. பிறவிக் குறைபாடு என்றாலே காப்பீடு கைவிரித்துவிடும் என்று நம் தலைமுறையினர் பட்டறிந்து வைத்திருக்கிறோம். அந்த நிலை மாறிவிட்டது. 2013 மார்ச் முதல் அன்றைய மெடிஷீல்டு திட்டம் பிறவிக் குறைபாடுகளையும் உள்ளடக்கியது; 2015 நவம்பரில் வந்த மெடிஷீல்டு லைஃப், ஏற்கெனவே நோயுள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும் சேர்த்துக்கொண்டது. மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க, பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்று பரிந்துரைக் கடிதம் பெற்றால் போதும்.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. குழந்தைப் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் அந்தப் பதினேழு, பதினெட்டு வயதில்தான் நூல் அறுந்துபோகிறது. கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், புதிய இடத்தில் முதல் சந்திப்பு நடந்ததா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வால்வு இன்னொரு நாள் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் பிள்ளையிடமே நேரடியாகச் சொல்ல வேண்டும். பெற்றோருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. 1992இல் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்டதில் பாதிக்குமேல் என் தலையில் ஏறவில்லை, ஏறாததைக் கேட்கவும் கூசினேன்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய அறுவைக் குறிப்புகள் உங்கள் அலமாரியில் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்திய தாள்கள் எல்லாம் கைப்பேசிச் செயலியில் வந்து அமர்ந்திருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். என் மகளுக்கு வளையத்தின் குறுக்கே ஒட்டு வைத்த விவரம், நூல்கண்டுகள் வைத்திருந்த பிஸ்கட் டின்னின் அடியில் நான்காக மடித்துக் கிடந்த ஒற்றைத் தாளில்தான் இருந்தது. 2021இல் அதைக் கண்டதும் மருத்துவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படித்தார்.

விருந்தில் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பெரியம்மா, கடைசியில் மெல்லத் தம் தம்பி மகனைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் சிறுவயதில் இதே அறுவை நடந்ததாம். இப்போது லாரி ஓட்டுகிறாராம். மருத்துவமனைப் பக்கமே போனதில்லையாம். சென்ற வாரம் பெரியம்மா, அந்தத் தம்பி மகன் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். அடுத்த மாதம் எக்கோ எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செங்காங் வாசகி ஒருவர்